பெரியப்பா கேட்ட வர்ணிப்பு

சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் மேலூருக்குப் போயிருந்தபோது, பெரியப்பாவின் கைபேசியில் அழகர் வர்ணிப்பு ஒன்றை, அதாவது அழகர் வரும் கதையைச் சொல்லும் நாட்டுப்புறப் பாட்டு ஒன்றை, தேடிப் போட்டுக் கொடுத்தேன். திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்து நாற்பது நிமிடமும் கேட்டார். பாட்டில் அழகர் வைகைக்கு வந்து சேர்ந்தார். உடனே அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது: புதிய சினிமாக் குத்துப்பாட்டு. “என்னப்பா இது? நான் கேட்டது அழகரை அல்லவா?” என்றார்.

நியாயமான கேள்வி. பாட்டைப் பரிந்துரைக்கும் நிரலுக்கு அழகரைத் தெரியாது. அதன் கையில் முதன்மையாக இருப்பது ஒரு மாபெரும் அட்டவணை. ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆள், ஒவ்வொரு பத்தியும் ஒரு பாட்டு. கட்டத்துக்குள், அந்த ஆள் அந்தப் பாட்டை எவ்வளவு நேரம் கேட்டார் என்ற குறிப்பு. பெரும்பாலான கட்டங்கள் காலி. காலிக் கட்டத்தில் என்ன வரும் என்று ஊகிப்பதுதான் பரிந்துரை. உங்களைப் போல் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்களோ, அது உங்களுக்கும் பிடிக்கும் என்பது கணக்கு. ‘கூட்டு வடிகட்டல்’ என்ற இந்த யோசனை, 1992-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் குவிந்த மின்னஞ்சலைச் சலிப்பதற்காகப் பேசப்பட்டது.

எந்தப் படம் யாருக்குப் பிடிக்கும் என்ற தன் ஊகத்தை இன்னும் 10 சதவீதம் துல்லியமாக்குபவருக்கு 10 லட்சம் டாலர் என்று நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2006-இல் அறிவித்தது. 2009-இல் பரிசைக் கொடுத்தது. அப்போட்டியில் பேர்பெற்ற உத்தி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு எண்வரிசை கொடுப்பது. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் ஊகம் கிடைக்கும். அந்த எண்களுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. அட்டவணையிலிருந்து கணக்கே கண்டெடுக்கிறது.

சில நூறு பேர் மட்டுமே கேட்ட வர்ணிப்புக்கு அந்த எண்கள் தடுமாறும். அந்தச் சில நூறு பேரும் வேறென்ன கேட்டார்கள்? ஊரே கேட்ட சினிமாப் பாட்டை. அதனால் அதுவே முன்னால் வருகிறது. முன்னால் வந்ததால் ஓடுகிறது, ஓடியதால் மறுபடி முன்னால் வருகிறது. எனக்கு ஆற்றாமை இங்கேதான். வர்ணிப்பை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. அது யார் கண்ணிலும் படாமல் போகிறது.

சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவர் 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனை இதைத் தொட்டுக் காட்டியது. அதிகம் அறியப்படாத 48 பாட்டுகள், 14,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள். சிலருக்குப் பாட்டு மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தம் உலகத்தார் எதை எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் முந்திய பாட்டு மேலும் முந்தியது. ஆனால் முந்தியது எந்தப் பாட்டு என்பது உலகத்துக்கு உலகம் மாறியது! மிகச் சிறந்தவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

அன்று மாலை இன்னும் மூன்று வர்ணிப்புகளைத் தேடி, முழுவதும் ஓடவிட்டோம். நிரல்கள் அவ்வப்போது அதிகம் பேர் கேட்காத ஒன்றையும் நுழைத்து, ஆள் நிற்கிறாரா என்று பார்க்கும். எட்டாம் நாள் பெரியப்பா போனில் அழைத்தார். மதுரை தல்லாகுளத்தில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று யாரோ பாடிய வர்ணிப்பு தானாக வந்ததாம். அதுவரை 212 பேர்தான் கேட்டிருந்தார்கள். “நான் இளவட்டமாக இருந்தபோது கேட்ட மெட்டப்பா” என்றவர், போனைப் பாட்டுக்கு அருகில் வைத்துவிட்டார்.