கேவரின் ஓட்டைகள் எப்படி விழுகின்றன?

ஆடி பிறந்துவிட்டால் சென்னை சௌகார்பேட்டை இனிப்புக் கடைகளில் கேவர் முன்வரிசைக்கு வந்துவிடும். தட்டு போல வட்டம், நடுவில் பெரிய துளை, உடம்பெல்லாம் தேன்கூடு மாதிரி பொடி ஓட்டைகள். இது ராஜஸ்தானின் மழைக்கால இனிப்பு. தீஜ் பண்டிகைக்கும் ரக்ஷா பந்தனுக்கும் கட்டாயம் வேண்டும். தலைமுறைகளாக இங்கே வாழும் மார்வாடிக் குடும்பங்கள் வழியாகத் தங்கசாலை தெருவுக்கும் பழகிப்போனது.

முதன்முதலில் பிட்டுப் பார்த்தபோது, அச்சு முறுக்குக்கு இருப்பதுபோல இதற்கும் ஓர் அச்சு இருக்கும் என்றுதான் நினைத்தேன். சுற்றிலும் ஒரு வளையம் உண்டு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வலைப்பின்னலைக் கட்டுவது தண்ணீர்.

வேலை ஐஸில் தொடங்குகிறது. நெய்யோடு ஐஸ் கட்டிகளைப் போட்டுக் கையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மஞ்சள் நெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, வெண்ணெய் போலத் திரண்டு வரும். நெய் நுண்ணிய படிகங்களாக உறைந்து, காற்றையும் நீர்த்துளிகளையும் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துளிகளில் பட்டு ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அப்புறம் மைதா, குளிர்ந்த பால், ஐஸ் தண்ணீர் என்று சேர்த்து, தோசை மாவைவிட நன்றாக நீர்த்த மாவாகக் கரைப்பார்கள்.

பரோட்டா மாவை நினைத்துப் பாருங்கள். அடித்துப் பிசையப் பிசைய மைதாவின் புரதங்கள் கைகோத்து குளூட்டன் ஆகி, ஜவ்வாக இழுபடும். கேவருக்கு அந்த ஜவ்வு ஆகாது. மாவு இழுத்துக்கொண்டால் நெய்யில் சிதறாது. பொடிப்பொடியான நெய் மாவுத் துகள்களைப் பூசி புரதங்களைப் பிரித்து வைக்கிறது. குளிர்ச்சியும் அவை சேரும் வேகத்தைக் குறைக்கிறது. சென்னை வெயிலில் மாவுப் பாத்திரத்தையே ஐஸ் மேல் வைத்திருப்பது இதனால்தான். மாவு சூடானால் நெய் பிரிந்து மேலே மிதக்கும். பிறகு வலை விழாது.

அடுத்தது வார்ப்பு. இதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் பாதியளவுதான் நெய், சூடு கிட்டத்தட்ட 170, 180 டிகிரி. கையை உயர்த்தி மெல்லிய கம்பியாக மாவை நடுவில் விடுகிறார் மாஸ்டர். தொட்ட நொடியில் 'சொர்ர்' என்று நுரை விளிம்புவரை எழும்புகிறது. மாவிலுள்ள நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. அந்த வேகத்தில் மாவு பொடித்துளிகளாகச் சிதறி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, வளையத்தோடு ஒட்டிக்கொண்டு இறுகுகிறது. ஆவி வெளியேறிய வழிகள்தான் நாம் பார்க்கும் ஓட்டைகள்.

நுரை அடங்கும்வரை அவர் அடுத்த கரண்டியைத் தொடுவதில்லை. நுரை அடங்கினால் அந்த அடுக்கில் நீர் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். இன்னொரு காரணமும் உண்டு. ஐஸ் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல், அதே நீரை ஆவியாக்கத் தேவை. ஒவ்வொரு கரண்டி மாவும் நெய்யிலிருந்து அவ்வளவு சூட்டை உறிஞ்சுகிறது. அவசரப்பட்டு ஊற்றினால் நெய் ஆறி, மாவு சிதறாமல் அடியில் போய் அடையாகத் தங்கிவிடும். பத்துப் பதினைந்து முறை இப்படியே ஊற்றி, நடுவில் குச்சியால் துளையைத் திறந்து வைத்துக்கொண்டே அடுக்கு ஏற்றுகிறார். நீர் இருக்கும்வரை மாவின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அது போன பிறகுதான் பால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பொன்னிறம் ஏறும். அப்போது வரும் மணம் தெருமுனைவரை வீசும்.

துளையில் குச்சியை விட்டுத் தூக்கி, நெய் வடியவிட்டு, மேலே கம்பிப் பதப் பாகை ஊற்றுவார்கள். சிலர் ரப்டியும் (சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால்) பிஸ்தாவும் போட்டுத் தருவார்கள்.

ரப்டி போட்டதை வாங்கினால் அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். அத்தனை பாடுபட்டு விரட்டிய நீர் ரப்டி வழியாக உள்ளே திரும்பி வந்து, மொறுமொறுப்பைச் சில மணி நேரத்தில் நமத்துப்போக வைத்துவிடும். ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பாகு ஊற்றாத வெறும் கேவரைக் கேளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் நிற்கும். பாகை வீட்டில் காய்ச்சி ஊற்றிக்கொள்ளலாம்.