வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது?

கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒரு தாத்தா எழுதியிருக்கிறார். 52-இலிருந்து 17-ஐக் கழித்துக்கொண்டிருந்த பேத்தி கேட்டாளாம்: "பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கினோமே தாத்தா, எப்போது திருப்பித் தருவோம்?"

தரவே மாட்டோம். அது கடனே அல்ல, சில்லறை மாற்றுவது. ஐந்து பத்துகளில் ஒன்றை உடைத்துப் பத்து ஒன்றுகளாக்குகிறோம். நான்கு பத்தும் பன்னிரண்டு ஒன்றும் சேர்ந்தால் அதே 52தான். கூட்டலில் 'மனதில் ஒன்று' என்று மேலே ஏற்றுவது இதற்கு நேர்மாறு. பாடப்புத்தகத்தின் 'இனமாற்றம்' நல்ல சொல்.

இதில் பத்துக்கென்று தனி மகிமை ஒன்றும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்திருக்கிறார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, இரு குறுணி ஒரு பதக்கு, இரு பதக்கு ஒரு தூணி, முத்தூணி ஒரு கலம். எல்லா இடத்திலும் ஒரே வரம்பு இல்லை: எட்டு, இரண்டு, இரண்டு, மூன்று!

இப்போது ஒரு கலத்திலிருந்து ஒரு நாழியைக் கழித்துப் பாருங்கள். கையில் சில்லறை நாழி இல்லை. குறுணியும் இல்லை, பதக்கும் இல்லை, தூணியும் இல்லை. கலத்தையே உடைக்க வேண்டும். மூன்று தூணியாகிறது. இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றை உடைத்தால் இரு பதக்கு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை உடைத்தால் இரு குறுணி. அதிலும் ஒன்றை உடைத்தால் எட்டு நாழி. ஒன்று போக ஏழு. விடை: இரு தூணி, ஒரு பதக்கு, ஒரு குறுணி, ஏழு நாழி. ஒவ்வோர் இடத்திலும் வரம்புக்கு ஒன்று குறைவாகவே நிற்கிறது. 1000-இலிருந்து 1 போனால் பூஜ்யங்கள் எல்லாம் ஒன்பதாவதும் இதே கதைதான். போன நாழியைத் திரும்பப் போட்டால் எட்டாகிக் குறுணி, குறுணி இரண்டாகிப் பதக்கு என்று கலம் வரை சரசரவென ஏறிவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இதைக் காட்ட ஸ்மார்ட் போர்டு எதற்கு? பரணில் கிடக்கும் மரக்காலும் படியும் போதும்.

நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பார்கள். மூடநம்பிக்கைதான், ஆனால் எண்ணிக்கை பிசகாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

தாத்தாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருப்பித் தரும் கழித்தலும் உண்டு. மேலே 2-உடன் பத்தைச் சேர்த்து 12 ஆக்குங்கள். ஈடாகக் கீழே பத்தாமிடத்து 1-ஐ 2 ஆக்குங்கள். 12-இல் 7 போக 5. 5-இல் 2 போக 3. விடை 35. இரண்டு எண்களிலும் பத்து கூடியதால் வித்தியாசம் மாறவில்லை. பேத்தியிடம் இதைக் காட்டுங்கள். கடன் அங்கேயே அடைந்துவிடுகிறது.