ஸ்டேக்ஹோல்டர்: பங்குதாரரா, பாடுடையவரா?

நீலகிரியில் சூழல் சுற்றுலா பற்றிப் பேச்செடுத்தால் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற சொல் வந்துவிடும்: ஒரு காரியத்தால் எதையோ இழக்கவோ பெறவோ இருப்பவர். செய்திக் குறிப்பில் அது பெரும்பாலும் 'பங்குதாரர்' ஆகிவிடுகிறது. அங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

பங்குதாரரில் உள்ள 'தார்' பாரசீக ஒட்டு. வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தார், தாசில்தார் எல்லாம் அதே வார்ப்பு. பணம் போட்டவர், லாபத்தில் பங்கு உள்ளவர், அவரே பங்குதாரர். ஆங்கிலத்தில் அவர் ஷேர்ஹோல்டர். நீலகிரியின் மசினகுடியில் 'பங்குதாரர் கூட்டம்' என்று அறிவித்தால், இருளர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் "நான் எதுலயும் பணம் போடலையே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். அவர் வராத குறைக்கு அந்தச் சொல்லே காரணம்.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. 'ஸ்டேக்' என்பது பணயம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டேக்ஹோல்டர் என்றால், பந்தயம் கட்டியவர்களின் பணத்தை நடுவில் நின்று வைத்திருப்பவர். யார் வென்றாலும் அவருக்கு நட்டமில்லை. 1963இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் குறிப்பொன்றில் இச்சொல் நிர்வாகத் துறைக்குள் வந்தது. எட்வர்டு ஃப்ரீமன் 1984இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. ஒரு நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுவோரும் அதைப் பாதிக்கக்கூடியோரும் இதில் அடங்குவர் என்றார் அவர். ஒட்டாமல் நின்றவரைக் குறித்த சொல், தலைக்கு மேல் கத்தி தொங்குகிறவரைக் குறிக்கலாயிற்று.

இந்தப் பொருளை மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியில் வைத்துப் பாருங்கள். விடுதி முதலாளி, ஜீப் ஓட்டுநர், அறை பெருக்கும் பெண், வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் பழங்குடி இளைஞர், வனத்துறை என எல்லோருக்கும் இதில் ஏதோ ஒன்று போகிறது அல்லது வருகிறது. இங்கே ஓடும் மாயாறு பவானிசாகர் அணையில் போய்ச் சேர்வதால் ஈரோட்டு உழவரும் கணக்கில் உண்டு. யானையும் உண்டு. யானை வழித்தடத்தை அறிவித்த 2010ஆம் ஆண்டு அரசாணையை உச்ச நீதிமன்றம் 14.10.2020 அன்று உறுதிசெய்தது. நிலம் வைத்திருந்தவர்களின் ஆட்சேபங்களைக் கேட்கக் குழுவும் அமைத்தது. வழித்தடம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழித்தடத்தில் இருக்கும் விடுதிக்குப் பூட்டுப் போட்ட மறுநாள் சம்பளம் நின்றுபோகிறவரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இராது. 'பங்குதாரர்' அவரையும் விட்டுவிடும், யானையையும் விட்டுவிடும்.

மாற்றாகச் சொல்லப்படுபவை என்னென்ன? 'ஆர்வலர்' பொருந்தாது, ஆர்வம் வெளியூர்க்காரருக்கும் இருக்கும். 'அக்கறையாளர்' பரவாயில்லை. 'தொடர்புடைய தரப்பினர்' பிழையற்றது, ஆனால் அலுவலக வாடை.

நான் முன்வைப்பது 'பாடுடையவர்'. "மழை பொய்ச்சா நம்ம பாடு திண்டாட்டம்", "அது அவங்க பாடு" என்று நாள்தோறும் சொல்கிறோம். நிலை, உழைப்பு, துன்பம் மூன்றும் அதில் இருக்கின்றன. 'பண்பு எனப்படுவது பாடு அறிந்து ஒழுகுதல்' என்கிறது கலித்தொகை. பிறர் நிலையறிந்து நடப்பது என்று அதைப் பொருள்கொள்ளலாம். சூழல் சுற்றுலா நடத்துவோர் செய்ய வேண்டியதும் அதுதான்.

கூடவே வரும் 'பேலன்சிங்' என்பதற்கு 'சமமாக்கல்' வேண்டாம். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து வாயடைப்பது போல் அது ஒலிக்கிறது. 'சீர்தூக்குதல்' என்ற நல்ல சொல் குறளிலேயே இருக்கிறது: யாருக்கு எவ்வளவு பாரம் என்று நிறுத்துப் பார்ப்பது. உதகைக்கு வரும் வண்டிகளுக்கு 7.5.2024 முதல் இ-பாஸ் வேண்டும் என்றும், 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் வரம்பிட்டது. மலையின் தாங்குதிறனையும் வியாபாரிகளின் பிழைப்பையும் ஒரே தராசில் வைத்துச் சீர்தூக்கிய முயற்சி அது.

இலக்கணமும் இங்கே துணைக்கு வருகிறது. மனிதர்க்குப் பாடுடையவர்; யானை, காட்டுமாடு, மாயாற்று நீர் எல்லாவற்றுக்கும் பாடுடையவை. விடுதி கட்டுமுன் 'பாடுடையவர் யார், பாடுடையவை யாவை?' என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கட்டும்.