ஹெபடைட்டிஸ் சி: மருந்து பலிக்காதவர்கள் எங்கே போகிறார்கள்?

ஹெபடைட்டிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய். வட சென்னையின் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமிருந்து என்னிடம் வருகிற ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளில், ஒருமுறை சிகிச்சை எடுத்தும் வைரஸ் போகாமல் அதோடு விட்டுவிட்டவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். "மருந்து கேட்கலைன்னு சொல்லிட்டாங்க, உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று வருடக்கணக்கில் வேலைக்குப் போய்வருவார்கள். கால் வீங்கிச் செருப்பு நுழையாதபோதுதான் மருத்துவமனை நினைவுக்கு வரும்.

இவர்களில் பலர் இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்தின் காலத்தவர்கள். வாரம் ஒரு ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, வைரஸின் வகையைப் பொறுத்து 24 அல்லது 48 வாரம். காய்ச்சல், ரத்தசோகை, மனச்சோர்வு என்று அத்தனையும் பட்டும், முதல் வகை வைரஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் குணமானது. நகையை அடகு வைத்து ஊசி போட்டுக்கொண்டவரிடம் மறுபடியும் சிகிச்சை என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார். எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை.

ஆனால் தங்கிவிட்ட வைரஸ் சும்மா இருப்பதில்லை. ஓயாத அழற்சி தழும்பாகிறது. தழும்பு கூடிக்கூடிக் கல்லீரல் கெட்டியாகி முடிச்சு முடிச்சாகிறது. இதுதான் சிரோசிஸ். பொதுவாக இருபது, முப்பது வருடம் பிடிக்கும். குடியும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் அவ்வளவு காலம் கிடைக்காது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை அளவை மட்டும் நம்பாதீர்கள். அது நார்மலாக இருக்கும்போதே தழும்பு வளரலாம். ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையை. அது ஒன்றரை லட்சத்துக்குக் கீழே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால், மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்து, கல்லீரல் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுக்கச் சொல்வேன்.

இன்று ஊசி தேவையில்லை. சோஃபோஸ்புவிர் மாத்திரையோடு டக்ளாடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் மாத்திரை, பெரும்பாலோருக்கு 12 வாரம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. இன்டர்ஃபெரானில் தோற்றவர்களுக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. 2018 முதல் மத்திய அரசின் திட்டத்தில் இலவசம்.

இதிலும் தோற்பவர்கள் உண்டு. அப்படி வந்த ஒரு அம்மாவிடம், சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் பையைக் கவிழ்த்தார். வெல்படாஸ்விரோடு ஒமிப்ரசோல் அட்டையும் விழுந்தது, பாதி காலி. "கேஸுக்கு டாக்டர், காலையில ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்குவேன்." ஒமிப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. அமிலம் குறைந்தால் வெல்படாஸ்விர் உடலில் சரியாகச் சேராது. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இரண்டும் இன்னும் மோசம். வைரஸ் மருந்தின் அளவையே ரத்தத்தில் குறைத்துவிடும். கீழாநெல்லி இந்த வைரஸை ஒழிக்காது. பெயர் தெரியாத சூரணங்கள் இருக்கிற கல்லீரலையும் கெடுக்கும்.

தோற்றவர்களுக்கு வேறு கூட்டு மருந்தோ, ரிபாவிரின் சேர்த்து 24 வாரமோ தருவோம். எது என்பதைக் கல்லீரலின் நிலைதான் தீர்மானிக்கும். வயிற்றில் நீர் கோத்தவருக்குச் சில மருந்துகள் ஆகவே ஆகாது. சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்) பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை, குணமான பிறகும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

சிரோசிஸ் வந்துவிட்டவருக்கு வைரஸ் போனாலும் புற்றுநோய் அபாயம் முழுதாக நீங்குவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும். உணவுக்குழாய் ரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபியில் பார்க்க வேண்டியவர்களும் உண்டு. ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.