பெயர் தெரியாத பழைய கருவி: ஏலத்தில் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

ஈபே போன்ற ஏலத் தளங்களில் பழைய மரவேலைக் கருவிகளைத் தேடினால் ‘ரேர்’, ‘ஆன்டிக்’, ‘என்னவென்று தெரியவில்லை’ என்ற மூன்றும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முதல் இரண்டையும் நான் படிப்பதே இல்லை. மூன்றாவதைப் போடுபவர் பெரும்பாலும் நேர்மையானவர். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது பெட்டியோடு வாங்கி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போடுகிறவருக்கு அது எந்தத் தொழிலின் கருவி என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஊகத்தைத் தலைப்பில் எழுதி, அதற்கு விலையும் வைப்பவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு உதாரணம். கைப்பிடியில் சுழலும் ஒரு சின்ன இரும்புச் சக்கரம். பீட்சா வெட்டுவது என்று போட்டிருப்பார்கள். விளிம்பைப் பாருங்கள்: மழுங்கல். வெட்டுகிற சாமானுக்கு அப்படி இருக்காது. பலவற்றில் விளிம்பருகே ஒரு கோடோ துளையோ அடையாளமாக இருக்கும். அது ஐரோப்பிய, அமெரிக்க வண்டிச் சக்கரத் தச்சர்களும் கொல்லர்களும் வைத்திருந்த ‘டிராவலர்’. மரச் சக்கரத்தின் மேல் உருட்டி எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கணக்கை இரும்புப் பட்டையில் உருட்டிக் குறிப்பார்கள். பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்து, சூடாக்கி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி இறுகிவிடும். மாட்டுவண்டிக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எந்தப் புதிர்க் கருவியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கை எங்கே பிடித்துப் பளபளப்பாகியிருக்கிறது, எந்த முனை தேய்ந்திருக்கிறது, அது வெட்டவா, அளக்கவா, நெம்பவா? படத்தில் இது தெரியவில்லை என்றால் விற்பவரிடம் இன்னொரு படம் கேளுங்கள். நீளமும் எடையும் கேளுங்கள்.

அப்புறம் முத்திரைகள். அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு இப்போதுள்ள எண்வரிசை 1836-இல் தொடங்கி, 1911-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. ஆகவே எண் ஆறு இலக்கமா ஏழு இலக்கமா என்பதிலேயே காலம் ஓரளவு பிடிபடும். எண்ணை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் மூல வரைபடமே கிடைக்கும். அதோடு புதிர் தீர்ந்தது. ஆனால் காப்புரிமைத் தேதி, செய்த தேதி அல்ல. அமெரிக்க ஸ்டான்லி கம்பெனி இழைப்புளியின் இரும்பு வார்ப்பில் 1902-ஆம் ஆண்டுத் தேதிகளோடு 1910-ஆம் ஆண்டுத் தேதியும் இருந்தால் அது 1910-க்குப் பிறகு செய்தது. ‘1902 மாடல்’ என்று விற்பது தவறு. பிரிட்டிஷ் சாமானில் வைர வடிவத்தில் பதிவு முத்திரை இருந்தால் அந்தச் சாமானின் வடிவமைப்பு 1842 முதல் 1883-க்குள் பதிவானது. 1884 முதல் அதற்குப் பதில் ‘ஆர்டி’ என்ற எழுத்துகளோடு எண் வரும்.

இரண்டு பொறிப்புகளில் பலர் ஏமாறுகிறார்கள். ‘கேஸ்ட் ஸ்டீல்’ என்பது கம்பெனிப் பெயரே அல்ல, எஃகின் வகை. ரம்பப் பிடியின் பித்தளை வில்லையில் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று இருப்பதும் அப்படித்தான், யார் செய்தது என்று அது சொல்லாது. மர இழைப்புளியில் ஒரே பெயர் அங்கங்கே மூன்று நான்கு தடவை குத்தியிருந்தால், அது அநேகமாக அதை வைத்திருந்த தச்சருடைய பெயர்.

விலை ஏற ஏற சந்தேகமும் ஏற வேண்டும். ஸ்டான்லி நம்பர் 1 இழைப்புளி வெறும் ஐந்தரை அங்குல நீளம். ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால்தான் அதற்குப் போலி வார்ப்புகளும் உலவுகின்றன. எங்கும் கிடைக்கிற நம்பர் 4-க்கு யாரும் போலி செய்ய மாட்டார்கள். அங்கே சிக்கல் வேறு. நாலு இழைப்புளிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருப்பார்கள். என் பட்டறைக்கு வருபவற்றில் பிளேடு வெளியே வரும் வாய்க்குப் பக்கத்தில் விரிசல் விட்டவை நிறைய. அடிப்பக்கத்தையும் பக்கச் சுவர்களையும் காட்டாத படங்களை நம்பி ஏலம் கேட்காதீர்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மினுக்கியிருந்தால் நான் பக்கத்திலேயே போக மாட்டேன். துருவாவது உள்ளதைக் காட்டும்.

பலர் யோசிக்காத ஒன்று சட்டம். 19-ஆம் நூற்றாண்டு மடக்கு அளவுகோல்களில் சில யானைத் தந்தத்தால் ஆனவை. ஈபே 2009 முதல் தந்தத்தை அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் கடுமையான சட்டம் அமலில் இருக்கிறது. இந்தியாவுக்குள் வரவழைத்தால் சிக்கல் உங்களுக்குத்தான். ‘எலும்பு’ என்று போட்டு விற்பார்கள். எலும்பில் பொடிப்பொடியாகக் கருப்புப் புள்ளிகளோ கீற்றுகளோ தெரியும். அது தெரியாத வெண்மையான அளவுகோலைத் தொடாமல் விடுங்கள். பழைய ஸ்டான்லி கைப்பிடிகளில் வருகிற பிரேசில் ரோஸ்வுட் மரத்துக்கும் 1992 முதல் சர்வதேச வணிகத் தடை உண்டு.

சரி, எல்லாம் பார்த்து ஏலம் எடுத்துவிட்டீர்கள். தபால் செலவையும் கஸ்டம்ஸ் வரியையும் ஏலம் கேட்குமுன்பே கூட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பணம் கட்டியதும் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இழைப்புளியானால் பிளேடையும் கைப்பிடிகளையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் ஆடாமல் அடைத்து அனுப்பச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு வளையாது, கீழே விழுந்தால் உடையும்.