ஒரு டப்பா சிறுநீரை வைத்து உங்கள் உப்புக் கணக்கைச் சொல்ல முடியாது

மன்னார்குடி பக்கம் பிரஷர், கிட்னி நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் நான். இனி இதை எழுதாமல் இருக்க முடியாது. போன வாரம் வந்த பெரியவர் ஒருவர் விவசாயி, பிரஷருக்கு இரண்டு மாத்திரை போடுகிறவர். லேபில் ஒரு வேளைச் சிறுநீரைக் கொடுத்து சோடியம் (உப்பில் இருப்பது), கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவு) பார்த்திருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகன் அந்த எண்களை இணையத்தில் ஏதோ ஒரு கால்குலேட்டரில் போட்டு, "அப்பா, நீங்க ஒரு நாளைக்கு 6.2 கிராம் உப்புதான் சாப்புடுறீங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் அளவு. "அஞ்சு கிராமுக்குப் பக்கத்துல வந்துட்டேனுங்களே, மோர் மிளகாய் தொட்டுக்கலாம்ல?" என்று பெரியவர் கேட்கிறார். மேல் பிரஷர் 170 இருக்கிறது.

அதற்கு முன்னால் ஓர் அம்மா. அவருக்கு அதே மாதிரிக் கணக்கில் 11 கிராம் என்று வந்ததாம். பயந்துபோய் உப்பையே நிறுத்திவிட்டார், நீர் மாத்திரையை (சிறுநீரை அதிகம் போக வைக்கிற மாத்திரை) மட்டும் விடாமல் போட்டிருக்கிறார். பேச்சு குழறி, ஆளை அடையாளம் தெரியாத நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தத்தில் சோடியம் 118, ஆபத்தான அளவுக்குக் குறைவு.

சாப்பிடும் சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது, அதனால் ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்து அளந்தால் கணக்கு கிடைக்கும். ஒரு வேளைச் சிறுநீரில் கிடைக்காது. காலையில் போகிற சோடியம் வேறு, மத்தியானம் வேறு, ராத்திரி வேறு. நேற்று ராத்திரி கருவாட்டுக் குழம்பா, நீர் மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு, சித்திரை வெயிலில் வயலில் நின்று எவ்வளவு வியர்வை போச்சு, எல்லாமே அந்த எண்ணை ஆட்டி வைக்கும்.

சரி, ஒரு வேளைச் சிறுநீரிலிருந்து முழு நாள் கணக்கை ஊகிக்கப் பெரிய ஆட்கள் போட்ட சூத்திரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1993-ல் கவாசாகி, 2002-ல் தனாகா, இரண்டுமே ஜப்பானியர்களை அளந்து போட்டவை. தனாகா குழு அதை மக்கள் கூட்டத்தின் அளவைக் கணிக்கத்தான் போட்டது, தனி ஆளின் பிரஷர் மாத்திரையைத் தீர்மானிக்க இல்லை. வயது, எடை, உயரத்தை வைத்து நீங்கள் ஒரு நாளில் எவ்வளவு கிரியாட்டினின் வெளியேற்றுவீர்கள் என்று முதலில் ஊகிக்கிறார்கள். அந்த ஊகத்தின் மேல் சோடியம் ஊகம். கவாசாகி கணக்கில் கடைசியில் வர்க்கமூலம் எடுப்பார்கள், தனாகாவில் 0.392 அடுக்கு. அதனால் என்ன ஆகிறது என்றால், டப்பாவில் சோடியம் இரண்டு மடங்கு ஏறினாலும் தனாகா விடை சுமார் 30 சதவீதம்தான் ஏறும், பாதியாகக் குறைந்தாலும் கால் பங்குதான் குறையும். அதிகம் சாப்பிடுகிறவருக்குக் குறைத்துக் காட்டும், குறைவாகச் சாப்பிடுகிறவருக்குக் கூட்டிக் காட்டும். எல்லோரையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிற கணக்கு இது. அந்தப் பெரியவருக்கு வந்த 6.2, அவர் தினம் 12 கிராம் சாப்பிட்டாலும் வந்திருக்கலாம். புள்ளி போட்டு அச்சானதால் அது உண்மையாகிவிடாது, தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

"ஆல்புமினுக்கு ஒரு டப்பா போதும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்கிறவர்களுக்கு: ஆமாம், ஆல்புமின் என்ற புரதத்தைக் கிரியாட்டினினால் வகுத்துப் பார்ப்பது நல்ல பரிசோதனை, சர்க்கரை நோயாளிகள் அதை விடவே கூடாது. அது கிட்னியில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. நீங்கள் தின்ற உப்பை அது அளக்காது.

உண்மையிலேயே தெரிய வேண்டுமானால் 24 மணி நேரச் சிறுநீர் பிடியுங்கள். காலை 6 மணிக்கு எழுந்து முதல் சிறுநீரைக் கழிவறையிலேயே விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் போகிற ஒவ்வொரு தடவையும் கேனில், மறுநாள் காலை 6 மணிச் சிறுநீரும் சேர்த்து. கடைத்தெருவுக்குப் போனேன், நடுவில் ஒரு தடவை விட்டுப்போச்சு என்றால் மறைக்காதீர்கள், வேறொரு நாள் முதலிலிருந்து பிடிக்கலாம். விரத நாள், கல்யாண விருந்து நாள் வேண்டாம். லேப் தரும் மொத்த சோடியத்தை, மில்லிமோல் என்ற அலகில் இருப்பதை, 17-ஆல் வகுத்தால் உப்பு கிராமில் வரும்: 170 வந்தால் 10 கிராம். இதுவும் நாளுக்கு நாள் மாறும், ஒரு தடவையோடு நான் முடிவு சொல்ல மாட்டேன்.

அதுவும் முடியாதா? உப்புப் பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். நாலு பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒரு கிலோ 30 நாளில் தீர்ந்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல். மீன் கழுவ, வடகம் போட எடுத்ததைக் கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடையில் வாங்குகிற ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்குக்கு மேலே என்பதை மறக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது எல்லாம் சேர்த்தே 5 கிராமுக்குள். வேதாரண்யம் கல்லுப்பும் இந்துப்பும் உப்புதான், "இந்துப்பு போட்டுக்கறேன் டாக்டர்" என்று இனி யாரும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்டான், ராமிபிரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

வயதானவர்களை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கால்குலேட்டர் சொன்னது என்று அப்பா அம்மாவின் உப்பையோ மாத்திரையையோ நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நீர் மாத்திரை போடுகிறவர் திடீரென்று சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வயசாயிடுச்சு என்று விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் ரத்தத்தில் சோடியம் பாருங்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.