ஒதுக்கிய பணம் எங்கே? – ‘புரொவிஷன்’ என்ற சொல்லைப் பற்றி

“வாராக்கடனுக்காக நிறுவனம் இத்தனை கோடி ஒதுக்கீடு செய்துள்ளது.” காலாண்டு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் இந்த வாக்கியம் இல்லாத வணிகப் பக்கத்தைப் பார்ப்பது அரிது. ஆங்கிலத்தின் ‘புரொவிஷன்’தான் இங்கே ‘ஒதுக்கீடு’ ஆகியிருக்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நிறுவனம் எதையும் ஒதுக்கவில்லை. ஒரு காசுகூட ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அதன் ஊழியர்களுக்குத் தமிழில் விளக்கச் சென்றிருந்தேன். தமிழாக்கம் அச்சாகி எல்லார் கையிலும் இருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் ‘ஐயக்கடன் ஒதுக்கீடு’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு எழுந்தார். “சார், இந்த ஒதுக்கிய பணம் எந்த வங்கியில் இருக்கிறது? போனஸுக்குப் பணம் இல்லை என்கிறார்களே, இதிலிருந்து கொடுக்கலாமே?” என்று கேட்டார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருந்தார். எழுதியவர்தான் தவறாக எழுதியிருந்தார்.

‘புரொவிஷன்’ லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘ப்ரோ’ என்றால் முன், ‘விதேரே’ என்றால் காண்பது. ஆக, வரப்போவதை முன்பே காண்பது. பயணத்துக்குக் கட்டிக்கொள்ளும் உணவு, சட்டத்தின் பிரிவு எல்லாம் பிறகு கிளைத்த பொருள்கள். கணக்கியலில் இதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, கடன்பட்டோரிடமிருந்து வராமல் போகும் என்று மதிப்பிடும் தொகையைச் சொத்திலிருந்து கழித்துக் காட்டுவது. மற்றொன்று, இருப்புநிலைக் குறிப்பில் நிறுவனம் கொடுக்க வேண்டியவற்றைக் காட்டும் பொறுப்புப் பக்கத்தில் வருவது. எப்போது கொடுக்க வேண்டியிருக்கும் அல்லது எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பது உறுதியாகத் தெரியாத பொறுப்பு என்று சர்வதேசக் கணக்கியல் தரநிலை 37 அதை வரையறுக்கிறது. விற்ற பொருள் உத்தரவாதக் காலத்தில் பழுதானால் செய்ய வேண்டிய செலவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இந்த இரண்டில் எதிலும் பணம் தனியே எடுத்து வைக்கப்படுவதில்லை. ‘ஒதுக்கு’ என்ற வினையோ அதைத்தான் சொல்கிறது. ஒதுங்குவது விலகி நிற்பது. ஒதுக்குவது விலக்கி வைப்பது. மகளின் படிப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கினேன் என்றால் அந்தத் தொகை எங்கோ இருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தில் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கீடு என்றால் அந்தப் பணம் பள்ளிகளுக்குப் போகப்போகிறது. செய்தித்தாள் படிக்கும் தமிழருக்குப் பணத்தைப் பற்றிய செய்தியில் ‘ஒதுக்கீடு’ என்றவுடன் நினைவுக்கு வருவது இந்த நிதி ஒதுக்கீடுதான். அந்தப் பழக்கத்தோடு ‘வாராக்கடனுக்கு ஒதுக்கீடு’ என்று படிப்பவர், கடனைத் திருப்பித் தராதவர்களுக்கு வங்கி மேலும் பணம் கொடுக்கிறது என்று புரிந்துகொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. அப்படிப் புரிந்துகொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

இன்னொரு கேடும் இருக்கிறது. இலாபத்தைக் கணக்கிட்டு முடித்த பிறகு அதில் ஒரு பகுதியைப் பங்காதாயமாகத் தராமல் நிறுத்தி, பொதுக் காப்பு (ஜெனரல் ரிசர்வ்) என்ற தலைப்புக்கு மாற்றுவார்கள். அது உண்மையிலேயே இலாபத்தின் ஒதுக்கீடு. அந்தச் சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்தும். புரொவிஷன் அப்படிப்பட்டது அல்ல, இலாபத்தைக் கணக்கிடும்போதே கழிய வேண்டிய செலவு. இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அதை எழுதியே தீர வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், ‘நட்டத்தில் இருக்கும் நிறுவனம் எதை எடுத்து ஒதுக்கியது?’ என்று மாணவன் கேட்கிறான். நேர்மையான கேள்வி, ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல வழியில்லை.

கடன் இழப்பைக் கணக்கிடப் புதிய தரநிலை வந்தபின் இந்தக் குழப்பம் பெருகிவிட்டது. பழைய சர்வதேசக் கணக்கியல் தரநிலை 39இன்படி, கடன் கெட்டுப்போனதற்குச் சான்று கிடைத்த பிறகுதான் இழப்பை எழுத முடியும். இழப்பு மிகத் தாமதமாகவும் மிகக் குறைவாகவும் கணக்கில் ஏறுகிறது என்ற குறை 2008 நெருக்கடிக்குப் பின் வலுத்தது. அதன் விளைவாக 2014இல் முழுமை பெற்று, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது சர்வதேச நிதி அறிக்கையிடல் தரநிலை 9. கடன் கொடுத்த நாளிலிருந்தே, அடுத்த 12 மாதங்களில் நேரக்கூடிய தவணைத் தவறல்களால் வரும் இழப்பைக் கணித்து எழுத வேண்டும் என்கிறது அது. கடனின் இடர் கணிசமாகக் கூடினால் கடன் காலம் முழுமைக்குமான இழப்பைக் கணிக்க வேண்டும். தவணை 30 நாள் தாண்டினால், மாற்றுச் சான்று இல்லாதவரை, இடர் கூடியதாகவே கொள்ள வேண்டும். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய சாதாரண வணிக நிலுவைக்கோ முதல் நாளிலிருந்தே முழுக்காலக் கணிப்புதான்.

ஒரு நிறுவனத்துக்கு வர வேண்டிய நிலுவை 1,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 தர வேண்டிய ஒருவர் திவாலாகிவிட்டார். பழைய முறையில் இழப்பு 12, அவ்வளவுதான். புதிய முறையில் நிலுவையை வயதுவாரியாகப் பிரிக்கிறார்கள். தவணை நாள் இன்னும் வராத 600க்கு 1 விழுக்காடு, கொஞ்சம் தாமதமான 300க்கு 5, மிகவும் தாமதமான 100க்கு 20 என்று கணித்தால் 6, 15, 20, மொத்தம் 41. இருப்புநிலைக் குறிப்பில் நிலுவை 988க்குப் பதிலாக 959 என்று நிற்கும். முதன்முறை புதிய தரநிலைக்கு மாறும்போது, வித்தியாசமான 29 அந்த ஆண்டின் செலவில்கூட வராது. முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த இலாபத்தின் தொடக்க இருப்பிலிருந்து நேராகக் கழியும். வருமான வரியின் விளைவை விட்டுவிட்டுச் சொல்கிறேன். இதைத்தான் ‘சேர்த்து வைத்த இலாபத்திலிருந்து 29ஐ எடுத்து ஒதுக்கியது’ என்று எழுதுகிறார்கள். இல்லாத ஓர் உண்டியல் வாசகரின் மனத்தில் உருவாகிவிடுகிறது.

ஐயம் இருப்பவர்கள் பணப்புழக்க அறிக்கையைத் திறந்து பார்க்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் அதை இலாபத்திலிருந்து தொடங்கி எழுதுகின்றன. அங்கே இந்தத் தொகை இலாபத்தோடு திரும்பக் கூட்டப்பட்டிருக்கும். பணம் வெளியே போகாத செலவு என்பதால்தான் கூட்டுகிறார்கள்.

பள்ளிப் பாடநூல்கள் ‘ஒதுக்கு’ என்று ஈற்றைச் சுருக்கிப் பார்த்தன. வேர் அதேதான், எனவே நோயும் அதேதான். இலங்கைத் தமிழில் ‘ஏற்பாடு’ என்பார்கள். இது கொஞ்சம் தேவலை, பணப்பெட்டியை நினைவூட்டுவதில்லை. ஆனால் அங்கே சட்டத்தின் பிரிவுக்கும் ‘ஏற்பாடு’தான். ஆங்கிலச் சொல்லின் எல்லாப் பொருளையும் ஒரே தமிழ்ச் சொல்லின் தலையில் ஏற்றியதால், ‘ஏற்பாடுகளின்படி ஏற்பாடு செய்யப்பட்டது’ என்ற வகை வாக்கியங்கள் பிறக்கின்றன. யாருக்கு எது விளங்கும்?

நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது ‘கணிப்பு’. ஐயக்கடன் இழப்புக் கணிப்பு, உத்தரவாதச் செலவுக் கணிப்பு. பொறுப்புப் பக்கத்தில் பொதுப்பெயர் வேண்டுமானால் கணிப்புப் பொறுப்பு. கணக்கிடுவது, வரப்போவதை அறிந்து சொல்வது என்ற இரண்டும் ‘கணி’ என்ற சொல்லுக்குள் பழங்காலத்திலிருந்தே இருக்கின்றன. காலம் கணித்துச் சொன்னவனைக் கணியன் என்றோம். முன்பே காண்பது என்ற மூலப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல்லை நான் அறியேன். ‘கணி’ தமிழா வடமொழியா என்று ஒரு நண்பர் வழக்காடினார். தூய தமிழ் மேல் எனக்குப் பற்று உண்டு. ஆனால் ‘ஒதுக்கீடு’ ஐயமறத் தமிழ்ச் சொல், இருந்தும் பொய் சொல்கிறது. தூய்மையா தெளிவா என்றால், கணக்கில் தெளிவுக்கே என் வாக்கு. தேர்தல் கணிப்பு, வானிலைக் கணிப்பு என்றெல்லாம் இருக்கிறதே, குழம்பாதா என்றும் கேட்டார். குழம்பாது. அவற்றைப் போலவே இதுவும் மதிப்பீடுதான், பொய்த்துப் போகலாம், அடுத்த காலாண்டில் திருத்தப்படலாம். வாசகருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் இந்தச் சொல்லோடு நிற்கவில்லை. தரநிலை 9இன் மையக் கருத்தை ‘எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு’ என்கிறார்கள். ‘எதிர்’ என்பது வருங்காலத்தைக் குறித்த சொல் என்பது உண்மை. ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்றார் வள்ளுவர். ஆனால் இன்றைய தமிழில் எதிர்பார்ப்பது ஆவலோடு காத்திருப்பது. இழப்பை யார் அப்படி எதிர்பார்ப்பார்கள்? ‘நேரக்கூடிய கடன் இழப்பு’ என்றால் தீர்ந்தது. ‘தள்ளுபடி’ இதைவிடக் கொடியது. வசூலாகும் நம்பிக்கை இல்லாத கடனை ஏட்டிலிருந்து நீக்குவதற்கும், கடனாளியை மன்னித்து விடுவிப்பதற்கும் ஒரே சொல்! முதலாவதில் வசூல் முயற்சி தொடரலாம், வழக்கும் நடக்கலாம். இரண்டாவதில் கடனே இல்லை. ‘ஏட்டுநீக்கம்’ என்று எழுதிக் கொடுத்தேன். செய்தியறையில் அதைத் ‘தள்ளுபடி’ என்றே திருத்தி அச்சிட்டார்கள்.

அந்த நிறுவனத்தின் அடுத்த ஆண்டறிக்கைத் தமிழாக்கம் என்னிடம் வந்தது. அதே வரியில் ‘ஐயக்கடன் இழப்புக் கணிப்பு’ என்று போட்டேன். விளக்கக் கூட்டத்தில் அதே கிடங்குப் பொறுப்பாளர் அதே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்தார். இந்த முறை அவர் வங்கியைப் பற்றிக் கேட்கவில்லை. “சார், போன வருஷத்தைவிட இது இரண்டு மடங்காக இருக்கிறது. இதைக் கணித்தது யார்? எதை வைத்துக் கணித்தார்கள்?” என்றார். மேடையில் இருந்த நிதி அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு குறிப்புகள் இருந்த பக்கத்தைத் திருப்பி, நிலுவைகளின் வயதுப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்கத் தொடங்கினார்.